கட்டணமில்லாப் படிப்பின் விலை

கல்லூரியின் இறுதியாண்டில் இருப்பவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் சேர்ந்து அமர்ந்திருக்கும் அவை இது. வெளிநாட்டில் எங்கே சீட் கிடைக்கும், எப்படி விண்ணப்பிப்பது, எந்தப் பல்கலைக்கழகம் தரவரிசையில் எத்தனையாவது இடம் என்பதையெல்லாம் சொல்ல இன்று ஆள் நிறைய உண்டு. ஊருக்கு ஊர் கன்சல்டன்சி திறந்திருக்கிறது. சீட் கிடைத்து, விசா கிடைத்து, விமான நிலையத்தில் வழியனுப்பிவிட்டு வந்த பிறகு தொடங்கும் நாட்களைப் பற்றித்தான் அதிகம் பேச்சில்லை. இரண்டு ஆண்டுப் படிப்பு என்றால் 700 நாட்களுக்கு மேல். அந்த நாட்களில் ஒரு மாணவர் எப்போது எழுகிறார், எங்கே சாப்பிடுகிறார், எத்தனை மணி நேரம் படிக்கிறார், எத்தனை மணி நேரம் வேலைக்குப் போகிறார் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள்.

எல்லா நாடுகளையும் சேர்த்துப் பேசினால் எதையும் சொன்னதாக ஆகாது. ஆகவே ஜெர்மனியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்த நாட்டில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தவர்கள் சீனர்கள். 2022-23 குளிர்கால செமஸ்டரில் இந்தியர்கள் அவர்களைத் தாண்டினார்கள். 2023-24இல் இந்திய மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ 49,000. தமிழ்நாட்டுக்கும் ஜெர்மன் பொறியியல் கல்விக்கும் பழைய உறவும் உண்டு. சென்னை ஐஐடி 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடுதான் தொடங்கியது. ஆனால் இன்று நம் பிள்ளைகளை அங்கே இழுப்பது பழைய உறவு அல்ல. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது என்ற ஒரே செய்திதான். அதிலும் விலக்குகள் உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017-18 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 முதல் செமஸ்டருக்கு 2,000 யூரோவில் தொடங்கி 6,000 வரை வாங்குகிறது. தனியார் பல்கலைக்கழகங்களின் கட்டணம் வேறு கதை. இவற்றை நீக்கிவிட்டுப் பார்த்தாலும், எம்.எஸ். படிப்பை அமெரிக்காவில் படிப்பதற்கும் ஜெர்மனியில் படிப்பதற்கும் உள்ள செலவு வேறுபாடு நடுத்தரக் குடும்பம் ஒன்றின் வாழ்க்கையையே மாற்றக் கூடியது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். அங்கே பணமாக வாங்கப்படாத விலை, மாணவரின் நேரமாக வாங்கப்படுகிறது. நம் குடும்பங்கள் பணத்துக்குக் கணக்குப் போடுகின்றன. நகையை அடகு வைத்தாவது ஈடுகட்டுகின்றன. நேரத்துக்கு யாரும் கணக்குப் போடுவதில்லை. அங்கே போய்ப் படிப்பில் தடுமாறுகிறவர்களை அறிவில் குறைந்தவர்கள் என்றோ, பொறுப்பில்லாதவர்கள் என்றோ, தனிமை தாங்காதவர்கள் என்றோ நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலான இடங்களில் நடந்தது அதுவல்ல. வாரத்தில் இருக்கும் மணி நேரம் போதவில்லை, அவ்வளவுதான். இதை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட முயல்கிறேன்.

முதலில் பணத்திலிருந்தே தொடங்கலாம். விசாவுக்கு முன் பிளாக்டு அக்கவுண்ட் என்ற கணக்கில் ஓராண்டுச் செலவைப் போட்டு வைக்க வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. அங்கே போன பிறகு மாதம் 992 யூரோவாக அது கைக்கு வரும். இந்த 992 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பல விஷயங்கள் விளங்கும். உள்நாட்டு மாணவர்களுக்கு அந்த அரசு கொடுக்கும் பாஃபக் என்ற உதவித்தொகையின் உச்ச வரம்பு அது. சாப்பாடு முதலிய செலவுக்கு 475, வாடகைக்கு 380, மருத்துவக் காப்பீட்டுக்கு 137 என்று மூன்றையும் கூட்டிய தொகை. அதாவது ஒரு மாணவர் 380 யூரோ வாடகையில் இருப்பார் என்பது அந்தக் கணக்கின் அடித்தளம். கெம்னிட்ஸ், மாக்டபுர்க் போன்ற கிழக்கு நகரங்களில் அது நடக்கும். மாணவர் நல அமைப்பு நடத்தும் விடுதியில் இடம் கிடைத்தாலும் நடக்கும். ஆனால் பெரிய நகரங்களில் அந்த விடுதிகளுக்குக் காத்திருப்போர் பட்டியல் பல மாதங்களுக்கு நீள்கிறது. மியூனிக்கில் பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைக்கு 700 யூரோவுக்கு மேல் கேட்பது வாடிக்கை. இதற்கு மேல் முன்பணம் இருக்கிறது. அடிப்படை வாடகையைப் போல மூன்று மடங்கு வரை வாங்கச் சட்டம் இடம் தருகிறது. மாதம் 992 மட்டும் வரும் கணக்கை நம்பி முதல் மாதம் இதைக் கட்ட முடியாது. இன்னொன்று, இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்: அந்தக் கணக்கில் இருப்பது ஓராண்டுக்கான பணம். படிப்பு இரண்டு ஆண்டு. இரண்டாம் ஆண்டுக்கு என்ன வழி என்று கேட்டால், "அங்கே போய் பார்ட் டைம் பார்த்துச் சம்பாதித்துக்கொள்வான்" என்பதே பெரும்பாலான வீடுகளில் பதில். அந்தப் பதிலுக்குள் எத்தனை மணி நேரம் ஒளிந்திருக்கிறது என்பதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

போய் இறங்கியதும் முதல் சில வாரங்கள் அலுவலகங்களுக்கும் அஞ்சலுக்கும் போகின்றன. வீடு கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். பதிவதற்கு வீட்டு உரிமையாளர் எழுதித் தரும் உறுதிச்சீட்டு வேண்டும். தற்காலிகமாக நண்பர் அறையில் ஒண்டியிருப்பவருக்கு அது கிடைப்பது கடினம். பதிந்தால்தான் வரி எண் அஞ்சலில் வரும். வரி எண் இருந்தால்தான் சம்பளம் ஒழுங்காக வரும். விசா சில மாதங்களுக்குத்தான். அதற்குள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் வாங்கித் தங்கும் அனுமதி பெற வேண்டும். இவை எல்லாமே கடிதத்தில் நடக்கின்றன. வாசலில் இருக்கும் அஞ்சல் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போகும். நம் பிள்ளைகள் பலரின் கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். அந்த நாட்டில் எல்லாக் கடிதமும் அந்தப் பெயருக்கே வரும். பெட்டியில் தன் பெயரை மட்டும் ஒட்டிவைத்த மாணவருக்கு வங்கி அட்டையும் காப்பீட்டுக் கடிதமும் வந்து சேராமல் போகலாம். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ என்று ஒலிபரப்புக் கட்டணம் கேட்டும் ஒரு கடிதம் வரும். தொலைக்காட்சி இல்லை என்றாலும் கட்ட வேண்டும். விளம்பரம் என்று நினைத்து ஒதுக்கி வைத்தால் நினைவூட்டலும் அபராதமும் தொடரும். குளிர்கால செமஸ்டர் வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்குகின்றன. விசா தாமதமாகி நவம்பரில் வந்து சேர்கிறவர்கள் இத்தனையையும் செய்துகொண்டே ஏற்கெனவே நடந்து முடிந்த பாடங்களையும் பிடிக்க வேண்டும்.

சரி, படிப்புக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? இதற்கு ஊகம் தேவையில்லை. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களே எண்ணாக எழுதி வைத்திருக்கின்றன. ஒரு கிரெடிட் என்பது ஜெர்மனியில் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். மேல் வரம்பை எடுத்தால் 900 மணி நேரம். வகுப்பு நடக்கும் வாரங்களும் தேர்வு வாரங்களும் சேர்ந்து ஏறத்தாழ 20 என்று வைத்தால் வாரத்துக்கு 45 மணி நேரம். ஆனால் கால அட்டவணையைப் பார்த்தால் வகுப்புகள் வாரத்துக்கு இருபது மணி நேரம்கூட இருக்காது. மீதி முழுவதும் மாணவரே நூலகத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டிய நேரம். இங்கேதான் நம் மாணவர்கள் பலர் சறுக்குகிறார்கள், காரணமும் தெளிவானது. நம் கல்லூரிகளில் வருகைப் பதிவு உண்டு, உள்மதிப்பெண் உண்டு, மாதத்துக்கொரு தேர்வு உண்டு, வீட்டுக்குத் தொலைபேசும் ஆசிரியர்கூட உண்டு. நேரத்தைப் பிறர் வகுத்துக் கொடுத்தே நான்கு ஆண்டுகள் படித்தவர்கள், பெரும்பாலும் வருகைப் பதிவே இல்லாத ஓர் இடத்துக்குப் போகிறார்கள். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. பிப்ரவரியில் ஒரே தேர்வு, பெரும்பாலும் அதுவே முழு மதிப்பெண். அந்தத் தேர்வுக்கும் தாமாகவே இணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். பதியும் கெடு தவறினால் அடுத்த வாய்ப்பு வரை காத்திருக்க வேண்டும். பொதுவாக ஒரு பாடத்தை மூன்று முறை எழுதலாம். மூன்றாவது முறையும் கட்டாயப் பாடம் ஒன்றில் தோற்றால் பெயர் நீக்கப்படும்; அதே படிப்பை வேறொரு ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் தொடரவும் வழி அடைபடும். அரியர் வைத்து எத்தனை முறையும் எழுதிப் பழகியவர்களுக்கு இந்த விதியின் கனம் முதல் தோல்விக்குப் பிறகுதான் உறைக்கிறது. கேள்வி கேட்க ஆளில்லாத அந்த நான்கு மாதங்களை ஓய்வு நேரம் என்று எடுத்துக்கொண்டு, அதில் ஷிஃப்டுகளை நிரப்பிவிடுகிறார்கள்.

இப்போது ஒரு வாரத்தை எடுத்துக் கூட்டிப் பார்ப்போம். மொத்தம் 168 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேரத் தூக்கம் போனால் 112. படிப்புக்கு 45. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது எல்லாம் நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் 14. சமையல், கடைக்குப் போவது, துணி துவைப்பது, அறையைத் துடைப்பது, உடன் தங்கியிருப்பவர்களோடு முறை வைத்துக் குளியலறை கழுவுவது ஆகியவற்றுக்கு 17. போக்குவரத்துக்கு 9. பார்ட் டைம் வேலைக்கு 20. கூட்டினால் 105. மிஞ்சுவது ஏழு மணி நேரம். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். காய்ச்சல் வந்தால் படுக்க, அலுவலகக் கடிதங்களைப் புரிந்துகொண்டு பதில் எழுத, அம்மாவோடு பேச, ஒரு நண்பரோடு நடந்துவிட்டு வர, ஜெர்மன் மொழி கற்க, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு மணி நேரம்தான். சமையலுக்கும் போக்குவரத்துக்கும் நான் வைத்திருப்பது மதிப்பீடு. ஆளுக்கு ஆள் கூடும், குறையும். ஆனால் எப்படிப் போட்டாலும் முதலில் வெட்டப்படுவது தூக்கமும், யாரும் கேட்காத அந்த நூலக நேரமும்தான்.

சமையல் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம்மவர்கள் இதைச் சுவைப் பிரச்சினையாக மட்டும் பேசுகிறோம். புழுங்கலரிசி கிடைக்குமா, கறிவேப்பிலை கிடைக்குமா என்பதே கேள்வியாக இருக்கிறது. கிடைக்கும். எண்பதுகளில் அகதிகளாய் வந்து வேரூன்றிய ஈழத் தமிழர்கள் பல ஜெர்மன் நகரங்களில் கடை வைத்திருக்கிறார்கள். 2002இல் ஹம் நகரில் காமாட்சி அம்பாளுக்குக் கோபுரத்தோடு கோயில் எழுப்பிய சமூகம் அது. பொருள் கிடைப்பதில் குறையில்லை; குறைவது நேரம்தான். ஐந்தாறு பேருக்கு ஒரு சமையலறை, குளிர்பதனப் பெட்டியில் ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு நேரத்தில் இரண்டு அடுப்பு. ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறப்பதில்லை என்பதால் சனிக்கிழமை மாலைக்குள் வாங்கியாக வேண்டும். சனிக்கிழமை ஷிஃப்டில் இருப்பவர் வார நாளில் ஒரு மாலையை இதற்குக் கொடுக்க வேண்டும். மூன்று நாளைக்குச் சாம்பார் ஒரே பாத்திரத்தில் கொதிக்கிறது. வெங்காயம் நறுக்கத் தொடங்கி அடுப்பைத் துடைத்து முடிக்க ஒன்றரை மணி நேரம். பல்கலைக்கழக உணவகமான மென்ஸாவில் மூன்று நான்கு யூரோவில் சூடான மதிய உணவு கிடைக்கிறது. ஆனால் மூன்று யூரோ என்றதும் முந்நூறு ரூபாய்க்கு ஒரு சாப்பாடா என்று மனம் பின்வாங்குகிறது. யூரோவை ரூபாயாக மாற்றிப் பார்க்கும் அதே மாணவர், தன் மணி நேரத்தை மாற்றிப் பார்ப்பதில்லை. 2025இல் அந்த நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.82 யூரோவாக இருந்தது. மூன்று யூரோவை மிச்சம் பிடிக்க ஒரு மணி நேரத்தைச் செலவிடுவது அந்த நாட்டுக் கணக்கில் நட்டம். தேர்வுக் காலத்திலாவது மென்ஸாவில் சாப்பிடுங்கள் என்று பிள்ளையிடம் சொல்லும் பெற்றோர், ஊறுகாயும் பருப்புப் பொடியும் கட்டி அனுப்பும் பெற்றோரைவிடக் கூடுதலாகவே உதவுகிறார்கள்.

வேலையைப் பற்றி. 2024 மார்ச் முதல் வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாட்களோ 280 அரை நாட்களோ வேலை செய்யலாம். வகுப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் என்பது பொதுவான எல்லை. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பேராசிரியருக்கு உதவியாளராகச் செய்யும் ஹிவி வேலைக்கு இந்த நாள் வரம்பு இல்லை. சட்டம் 20 மணி நேரம் அனுமதிக்கிறது என்பதால் 20 மணி நேரம் செய்யலாம் என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. அது மேல் வரம்பு; பரிந்துரை அல்ல. வாரத்துக்குப் பத்து மணி நேரம் வேலை செய்கிறவர் இன்னும் பத்து மணி நேரம் கூட்டுவதாக வைத்துக்கொள்வோம். 2025இன் குறைந்தபட்ச ஊதியத்தில் ஆறு மாதத்துக்கு, அதாவது 26 வாரத்துக்கு, அது 3,333 யூரோ. அந்தக் கூடுதல் உழைப்பால் இரண்டு பாடங்கள் போய், படிப்பு ஒரு செமஸ்டர் நீண்டால், ஆறு மாத வாழ்க்கைச் செலவு மட்டும் அரசுக் கணக்குப்படி 5,952 யூரோ. ஆறு மாதம் தள்ளிப்போன பொறியாளர் சம்பளத்தை இதில் சேர்க்கவே இல்லை. தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போது படிப்பு முறையாக நகர்கிறதா என்று பார்ப்பார்கள் என்பதையும் சேர்க்கவில்லை. சம்பாதித்ததாக நினைத்தவர் உண்மையில் இழந்திருக்கிறார்.

எல்லா வேலையும் ஒன்றல்ல என்பதும் இங்கே வருகிறது. தான் படிக்கும் துறையிலேயே ஒரு நிறுவனத்தில் மாணவப் பணியாளராக இருப்பவருக்கு அந்த 20 மணி நேரம் படிப்பின் பகுதி; பிறகு முழுநேர வேலைக்கும் அது வாசல். சரக்குக் கிடங்கில் இரவு ஷிஃப்டில் பார்சல் பிரிப்பவருக்கும், குளிரில் சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுப்பவருக்கும் அதே 20 மணி நேரம் உடலைத் தின்றுவிட்டு, மறுநாள் காலை வகுப்பையும் தின்றுவிடுகிறது. எந்த உழைப்பும் இழிவில்லை. நான் சொல்வது களைப்பைப் பற்றி. இந்த இரண்டு வாசல்களில் எது திறக்கும் என்பதைப் பெரும்பாலும் ஒன்றே முடிவு செய்கிறது: ஜெர்மன் மொழி. பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது, ஆகவே மொழி தேவையில்லை என்று சொல்லப்படுவது வகுப்பறைக்குள் மட்டுமே உண்மை. வீட்டு உரிமையாளரும், மருத்துவமனை வரவேற்பறையும், நகர அலுவலகமும், நடுத்தர நிறுவனங்களின் மேலாளர்களும் வகுப்பறைக்கு வெளியே இருக்கிறார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அந்நாட்டு அரசு நடத்தும் மொழிப் பயிற்சி, பி1 என்ற இடைநிலையை எட்ட 600 பாட வேளைகளை ஒதுக்குகிறது. பாட வேளைக்கு 45 நிமிடம் என்றால் 450 மணி நேரம். முன்பு கூட்டிய வாரத்தில் மிஞ்சிய ஏழு மணி நேரத்தையும் மொழிக்கே கொடுத்தால், அம்மாவோடு ஒரு வார்த்தை பேசாமல் கற்றால், 64 வாரம் ஆகும். படிப்பின் பாதிக்கு மேல் அப்போதே முடிந்திருக்கும். அங்கே போய்க் கற்றுக்கொள்வது என்பது நடைமுறையில் கற்காமலே இருப்பது.

தனிமையையும் இதோடு சேர்த்தே பார்க்கிறேன். டிசம்பரில் பெர்லினில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நான்கரை மணி நேர வேறுபாடு, கோடையில் மூன்றரை. இரவு ஒன்பது மணிக்கு ஷிஃப்ட் முடித்துப் பேருந்துக்கு நிற்கும் பிள்ளைக்கு வீட்டு நினைவு வரும்போது இங்கே அதிகாலை ஒன்றரை மணி. அங்கே காலை ஏழு மணிக்கு அம்மா அழைக்கும்போது அவர் ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருக்கிறார். "நல்லா இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்ற ஒற்றை வரியில் உரையாடல் முடிவது பாசக் குறைவால் அல்ல. புதிய நட்பும் நேரம் கேட்கிறது. வகுப்பு முடிந்ததும் சக மாணவர்கள் காபிக்குப் போகும் அரை மணி நேரத்தில்தான் குழுக்கள் அமைகின்றன, பழைய வினாத்தாள்கள் கை மாறுகின்றன, அறை காலியாகும் செய்தி வருகிறது. ஷிஃப்டுக்கு ஓடுகிறவருக்கு அந்த அரை மணி நேரம் இல்லை. மாணவர் நல அமைப்புகள் பெரும்பாலான இடங்களில் மனநல ஆலோசனை வழங்குகின்றன. தேவைப்படுகிறவர்கள் தயங்காமல் போக வேண்டும். ஆனால் வாரத்தில் ஒரு மணி நேரம் ஆலோசகரிடம் பேசுவதைவிட, வாரத்தில் பத்து மணி நேரம் விடுபடுவது பலருக்குப் பெரிய மருந்து.

இதற்கு வரும் மறுப்புகளை ஒதுக்க முடியாது. ஜெர்மன் மாணவர்களும்தானே வேலை செய்துகொண்டு படிக்கிறார்கள் என்று கேட்கிறார்கள். ஆம், பாதிக்கும் மேற்பட்டோர் வேலை செய்கிறார்கள். ஆனால் 25 வயதுக்குட்பட்ட ஜெர்மன் மாணவர் பெற்றோரின் காப்பீட்டிலேயே கட்டணமின்றி இருக்கலாம். நம் பிள்ளை மாதம் 130 யூரோவுக்குக் குறையாமல் கட்டுகிறார். அந்த மாணவரின் பெற்றோருக்கு 2025இல் பிள்ளைக்காக மாதம் 255 யூரோ அரசு கொடுத்தது. பாஃபக் கிடைத்தால் அதில் பாதி மானியம், பாதி வட்டியில்லாக் கடன். மொழி பிறப்பிலேயே இருக்கிறது. ஒரு செமஸ்டர் நீண்டால் அவருக்குத் தாமதம் மட்டுமே. நம் பிள்ளைக்கு விசா, கல்விக் கடன் வட்டி, ஊரில் பதில் சொல்ல வேண்டிய நிலை எல்லாம் சேர்ந்து வரும். இருவரும் 20 மணி நேரம் வேலை செய்கிறார்கள் என்பது எண்ணில் சமம்; சுமையில் சமமில்லை.

கஷ்டப்பட்டால்தானே மனிதன் ஆவான், முந்தைய தலைமுறை பட்டினி கிடந்து படிக்கவில்லையா என்பது இன்னொரு மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. தனியே சமைத்து, தனியே வாடகை கட்டி, அந்நிய மொழியில் ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதிப் பழகிய இளைஞரிடம் வரும் நிதானம் எந்த வகுப்பிலும் கிடைக்காது. அந்தக் கஷ்டத்தை நான் குறைக்கச் சொல்லவில்லை. கற்றுக்கொடுக்கும் கஷ்டம் வேறு, கற்பதற்கான நேரத்தைப் பறிக்கும் கஷ்டம் வேறு. கடினமான ஒரு கணக்கோடு இரவெல்லாம் மல்லுக்கட்டுவது முதல் வகை. அந்தக் கணக்கைத் திறந்துகூடப் பார்க்க முடியாமல் கிடங்கில் நிற்பது இரண்டாவது. முந்தைய தலைமுறையில் வறுமையில் படித்து வந்தவர்களை வணங்குகிறேன். அவர்களோடு கிளம்பி, பாதியில் திரும்பியவர்களின் கதையை நாம் கேட்டதே இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அப்படியானால் வசதியுள்ளவர்கள் மட்டும் போகட்டும் என்கிறீர்களா என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் கனமானது. இல்லை. வசதியில்லாதவர்கள் நேரத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு போக வேண்டும் என்கிறேன். அதற்கு இரண்டு வழிகள் நம் கையிலேயே இருக்கின்றன. ஒன்று மொழி. 600 பாட வேளைகளை நான்கு ஆண்டுக் கல்லூரி வாழ்க்கையில் பிரித்தால் ஆண்டுக்கு 150. சென்னையில் கோத்தே நிறுவனம் இருக்கிறது, கோயம்புத்தூரில் அதன் மையம் இருக்கிறது. இணையவழி வகுப்புகள் சிற்றூர் வரை வந்துவிட்டன. இறுதியாண்டில் முடிவெடுத்து தொடக்கநிலையான ஏ1 சான்றிதழோடு கிளம்புவதற்குப் பதில், முதலாண்டிலேயே தொடங்கி பி1 முடித்துக் கிளம்புகிறவர், அங்கே போய் ஓராண்டுக்கு மேல் கேட்கும் ஒரு வேலையை இங்கேயே முடித்தவர் ஆகிறார். விருப்பப் பாடமாக ஜெர்மனை நடத்தும் கல்லூரிகள், ஒரு செமஸ்டரோடு நிறுத்தாமல் பி1 வரை கொண்டுபோனால் அது எந்த வேலைவாய்ப்பு முகாமுக்கும் குறைந்ததல்ல.

மற்றொன்று முதல் செமஸ்டர். புது நாடு, புதுத் தேர்வுமுறை, அலுவலக அலைச்சல் மூன்றும் ஒன்றாக வருவது அந்த ஆறு மாதத்தில்தான். அந்த ஆறு மாதம் வேலைக்குப் போகாமல் இருக்க எவ்வளவு கூடுதல் பணம் வேண்டும்? வாரத்துக்குப் பத்து மணி நேர வருமானத்துக்கு ஈடாக, முன்பு சொன்ன அதே 3,333 யூரோ. கடன் மேல் கடனா என்று பெற்றோர் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. ஆண்டுக்குப் பத்து சதவீத வட்டி என்று வைத்துப் பாருங்கள். அந்தக் கூடுதல் தொகைக்கு ஆண்டு வட்டி 333 யூரோ. அதே 2025 குறைந்தபட்ச ஊதியத்தில் அது 26 மணி நேர வேலை. முதல் செமஸ்டரில் 260 மணி நேரத்தைக் கிடங்கில் கொடுப்பதற்குப் பதில், பிறகு வரும் ஒவ்வோர் ஆண்டிலும் 26 மணி நேரத்தை வட்டிக்காகக் கொடுக்கிறோம். அசலை, படிப்பு முடிந்து வேலை தேட அந்த நாடு தரும் 18 மாதத்துக்குள் கிடைக்கும் பொறியாளர் சம்பளத்திலிருந்து அடைக்கலாம். கல்விக் கடன் விண்ணப்பத்தை நிரப்பும்போது வங்கி மேலாளர் பிளாக்டு அக்கவுண்ட் தொகையையும் விமானச் சீட்டையும் மட்டும் எழுதச் சொல்வார். வீட்டு முன்பணத்தையும் இந்த ஆறு மாதத் தொகையையும் வாழ்க்கைச் செலவு என்ற வரியில் சேர்த்து எழுதிக் கேளுங்கள். அவர் மறுத்தால் எந்தச் செலவை எதற்காக மறுக்கிறார் என்று கேட்டு, அடுத்த வங்கிக்குப் போங்கள்.